பொழி மணலில் நான்கு கம்புகள்

இடத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். விழிஞ்ஞத்துக்குத் தெற்கே என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கூடு இருக்கிற இடத்தைப் பெயர் போட்டு எழுதினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நீளக் குழல் மாட்டிய காமிராக்கள் வரிசையாக வந்து உட்கார்ந்துவிடும். அதனால் எங்கள் பறவைக் குழுவில் முதல் விதி, கூட்டின் இடத்தை வெளியே சொல்லாதே. இரண்டாவது விதி, முட்டையைத் தொடாதே. மற்ற விதிகளை யாரும் அவ்வளவாக மதிப்பதில்லை. இந்த இரண்டில் ஒன்றை மீறினால் குழுவிலிருந்தே நீக்கிவிடுவார்கள்.

ஊருக்குள்ளிருந்து வருகிற ஆறு அங்கே காயலாக அகன்று, கடலைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிடும். அலைகள் மணலை வாரி வாரிப் போட்டுக் குறுக்கே ஒரு கரை கட்டிவிடுகின்றன. அந்த மணல் கரைக்கு இங்கே பொழி என்று பெயர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல், நடுவில் வெறும் மணல். மழை பெய்து காயல் ஏறினால் கரையோர வீடுகளுக்குள் தண்ணீர் நுழையும். அப்போது பொழியை வெட்டிவிடுவார்கள். வெட்டுவது என்றால் கடல்வரை ஒரு வாய்க்கால் தோண்டுவதுதான். மிச்சத்தைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும். ஓர் ஆள் அகல வாய்க்காலில் இறங்குகிற காயல், இரண்டு பக்கமும் மணலைத் தின்றுகொண்டே போய், பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆறாகிவிடும்.

பொழியும் காயலோரத்துக் கண்டல் காடும் சேர்ந்து பாதுகாக்கப்பட்ட இடம் என்று நுழைவாயிலில் ஒரு பலகை இருக்கிறது. பலகையில் வரைந்திருக்கிற கொக்குக்கு வாத்தின் கால். ஆனால் உள்ளே போய்விட்டால் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோடை மழை இரண்டு தடவை பெய்துவிட்டால் போதும், மணலே தெரியாமல் அடம்புக் கொடி படர்ந்து ஊதாவாகப் பூத்துக் கிடக்கும். கண்டலின் காலடியில் கழிமுள்ளி நீலமாகப் பூக்கும். ராவணன் மீசையின் முள்ளுருண்டைகள் காற்றில் கழன்று கரை முழுக்க உருண்டு ஓடும். அவரைப் பூவேதான் என்று சத்தியம் செய்யலாம்போல ரோஸ் நிறத்தில் ஒரு கொடி உண்டு. இதெல்லாம் பறவைகள் வராத நேரத்தில் பார்க்க. எனக்கு ஒரே இடத்தில் சும்மா உட்கார வராது.

அந்த வருஷம் மே மாதம் பொழியின் நடுவே ஓர் உப்புக்கொத்தி முட்டையிட்டிருந்தது. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிய பறவை. மணல் நிற முதுகு, வெள்ளை வயிறு, ஓடுகிற வேகத்தில் கால் தெரியாது. கூடு என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். காலால் கீறிய ஒரு குழி, அதில் நாலு கிளிஞ்சல் துண்டு, மூன்று முட்டை. முட்டையும் மணல் நிறம், மேலே பேனா மை சிந்தியதுபோலக் கிறுக்கல். இருக்கிற இடம் தெரிந்து பார்த்தாலே கண்ணுக்குத் தட்டுப்படாது. வலை உலர்த்த வருகிறவர்கள், சாயங்காலம் பந்தாட வருகிறவர்கள், எங்களைப் போன்ற பறவைப் பிரியர்கள், யார் கால் வேண்டுமானாலும் மேலே விழலாம். ஆகவே முந்தின ஞாயிற்றுக்கிழமை நானும் குழுவிலிருந்து ஒரு தோழியும் போய், கூட்டைச் சுற்றி நான்கு மூங்கில் கம்புகளை நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டிவிட்டு வந்தோம். குழுவில் எல்லோரும் பேசி ஒப்புக்கொண்ட ஏற்பாடு. அதிகம் போனால் இன்னும் பத்துப் பன்னிரண்டு நாளில் பொரித்துவிடும் என்பது எங்கள் கணக்கு. பொரித்த அன்றே குஞ்சுகள் எழுந்து ஓடிவிடும். உட்காரவைத்து ஊட்டுகிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. அதுவரை யாரும் மிதிக்காமல் இருந்தால் போதும்.

அந்த வாரம் மழை கொட்டித் தீர்த்தது.

ஞாயிறு காலை கொஞ்சம் வெளிவாங்கியது. தோழிக்குக் காய்ச்சல். நான் தனியாக அங்கே போகக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. ஆகவே அப்பா. அப்பா பழவங்காடியில் ஒரு துணிக்கடைக்குக் கணக்கு எழுதுகிறவர். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் அவருக்கு மத்தியானத் தூக்கம் கிடைக்கிற நாள். நீச்சல் தெரியாது. கரமனையில் எங்கள் தெருக்கோடியில் ஆறு ஓடுகிறது. அப்பா அதில் இரண்டாவது படிக்கு மேல் இறங்கி நான் பார்த்ததில்லை. கிழக்கே கோட்டையில் பஸ் மாறும்போது, ஒரு முட்டையைப் பார்க்க இரண்டு பஸ்ஸும் ஒரு ஆட்டோவுமா என்று கேட்டார். மூன்று முட்டை என்றேன். அப்படியென்றால் முட்டைக்கு ஒரு வண்டி, சரிதான் என்று சொல்லிவிட்டு ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார்.

காயல் நான் அதுவரை பார்க்காத உயரத்தில் நின்றது. கண்டலின் வேர்கள் ஒன்றுகூடத் தெரியவில்லை. கழிமுள்ளி கழுத்துவரை முழுகி, பூக்கள் மட்டும் தண்ணீர்மேல் உட்கார்ந்திருந்தன. கிழக்குக் கரையில் ஆட்கள் கட்டிலையும் மெத்தையையும் தலையில் ஏற்றி மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். அப்பா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பைனாகுலரில் நாரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வடக்கிலிருந்து பொழிமேல் ஏறினோம். மழையில் குளித்த அடம்பு கண்ணைப் பறித்தது. அப்பா குனிந்து பார்த்துவிட்டு, இந்தப் பூ பூஜைக்கு ஆகுமா என்று கேட்டார். ஆகுமா ஆகாதா தெரியாது, பறிக்கக் கூடாது என்பது தெரியும் என்றேன். அப்போதுதான் இரைச்சல் காதில் விழுந்தது. அலை என்று நினைத்தேன். அலை விட்டு விட்டு வரும், இது விடவேயில்லை.

மேட்டைத் தாண்டியதும் தெரிந்தது. ஒரு பொக்லைன். காயல் பக்கம் வரப்புபோலக் கொஞ்சம் மணலை மட்டும் அணையாக விட்டுவிட்டு, அங்கிருந்து கடலை நோக்கி வாய்க்கால் தோண்டிக்கொண்டு வந்தது. பாதிக்கு மேல் வந்தாகிவிட்டது. பக்கத்தில் முப்பது நாற்பது பேர் நின்றார்கள். வாய்க்கால் அடிக்கோல் வைத்து இழுத்த மாதிரி நேராக என் சிவப்புத் துணிகளைப் பார்த்து வந்தது.

தற்செயல் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால், பொக்லைன் ஓட்டுகிறவன் ஒவ்வொரு வாளி மணலைக் கொட்டியதும் தலையை வெளியே நீட்டிக் கம்புகளைப் பார்க்கிறான். நேர் பிடித்துக்கொண்டு மறுபடி தோண்டுகிறான். கம்பைப் பார்த்துத்தான் வெட்டுகிறான்.

நடந்தது என்ன என்பதைக் கூட்டத்தில் சிலர் பிறகு சொன்னார்கள். எங்கே வெட்ட வேண்டும் என்று முந்தின நாளே பாசனத் துறை அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டி அடையாளம் செய்துவிடுவதாகப் பேச்சு. மழையில் அவர்கள் வரவில்லையோ, நட்ட கம்பை அலை கொண்டுபோனதோ, யாருக்கும் தெரியாது. காலையில் பொக்லைன் வந்தபோது அந்த நீளப் பொழி முழுவதிலும் சிவப்புத் துணி கட்டிய கம்பு நான்கே நான்குதான் இருந்தது. வார்டு மெம்பர் அதைக் காட்டி, கம்புக்கு நடுவே வெட்டு என்று சொல்லிவிட்டார்.

வாளிக்கும் கம்புக்கும் இடையே ஒரு பஸ் நிற்கிற அளவு மணல்தான் மிச்சம். கூட்டின்மேல் பறவை இல்லை. ஈர மணலோரம் ஓடுவதும் நிற்பதும் திரும்புவதுமாக இருந்தது.

நான் ஓடப் பார்த்தேன். அப்பா என் பையின் வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டார். அவருக்கு விஷயம் என்னைவிடச் சீக்கிரம் புரிந்திருந்தது.

"வாயத் தொறக்காதே," என்றார் மெல்ல. "நம்ம கம்பாக்கும் அதுன்னு தெரிஞ்சா வறுத்தெடுத்துடுவா. அவா ஆத்துக்குள்ள வெள்ளம் நிக்கறது."

"அப்பா, முட்டை இருக்கு."

"எனக்குத் தெரியாதா? அந்த டிரைவர் கிட்ட மாத்திரம் போய்ச் சொல்லு. கம்பை ஆரு நட்டான்னு சொல்லாதே. கேட்டியா?"

நல்ல யோசனைதான். ஆனால் ஓடுகிற பொக்லைனுக்குப் பக்கத்தில் போய்க் காதோடு காதாக ஒன்றும் சொல்ல முடியாது. இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு வாளிக்கு முன்னால் போய் நின்றேன். எஞ்சின் நின்றது. கரையில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. ஓட்டுகிறவனுக்கு என் வயதுதான் இருக்கும். நிறுத்து என்று நான் தமிழில் கத்தியதைக் கேட்டு அவனும் தமிழிலேயே ஆரம்பித்தான், திருநெல்வேலிப் பேச்சு.

"என்னக்கா, குறுக்க வந்து விழுதீங்க? வாளி மேல பட்டா நாந்தான ஜெயிலுக்குப் போணும்?"

முட்டை இருக்கிறது என்றேன். இறங்கி வந்தான். நான் காட்டிய இடத்தைப் பார்த்தான், தெரியவில்லை. குனிந்து பார்த்தான், தெரியவில்லை. உட்கார்ந்து பார்த்தபிறகு தெரிந்தது. இம்புட்டூண்டா என்று ஆச்சரியப்பட்டுவிட்டு, நான் பயந்த கேள்வியைக் கேட்டான்.

"முட்டை இருக்குத எடத்தச் சுத்தி சர்வே கம்பு எப்படி நட்டாவ?"

அதற்குள் எல்லோரும் வந்துவிட்டார்கள். மெம்பர் இரண்டு கையிலும் இரண்டு போன் வைத்திருந்தார். அப்பா கூட்டத்துக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. ஆனால் நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் அடுத்த கேள்வி வந்துகொண்டேதான் இருக்கும். அது சர்வே கம்பு இல்லை, பறவைக்காக நாங்கள் நட்டது என்று எல்லோருக்கும் கேட்கும்படி மலையாளத்திலேயே சொன்னேன்.

பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். காலையிலிருந்து தோண்டியது தப்பான இடத்திலா? டீசல் போனது போகட்டும், நேரம்? மெம்பர், இங்கே கம்பு நட யாரிடம் அனுமதி வாங்கினாய் என்று கேட்டார். பாதுகாக்கப்பட்ட இடத்தில் வெட்ட நீங்கள் யாரிடம் வாங்கினீர்கள் என்று நான் கேட்டேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மெம்பர் மறுபடி போனைக் காதில் வைத்தார். அலுவலகத்தில் யாரும் எடுக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை.

கோபத்துக்குள் இருந்த கணக்கு மெல்ல மெல்லத்தான் எனக்கு விளங்கியது. கடல் இறங்கியிருக்கும்போது வெட்டினால்தான் காயல் வெளியே ஓடும். கடல் இப்போது இறங்கியிருக்கிறது. திரும்பி ஏறத் தொடங்கிவிட்டால் தோண்டிய வாய்க்காலை அலையே மூடிவிடும். வேறு இடத்தில் முதலிலிருந்து தோண்ட நேரம் இல்லை. மேற்கே அடுத்த மழை கறுத்துக்கொண்டு வந்தது. ஆகவே தப்போ சரியோ, இங்கேதான், இப்போதேதான்.

கூட்டத்திலிருந்து ஒரு சேச்சி அப்போதுதான் முன்னால் வந்தார். நைட்டிமேல் துவர்த்துத் துண்டு போட்டு, தொடைவரை நனைந்து, கையில் மீன் சட்டியோடு இருந்தார். வீட்டிலிருந்து எதை எடுத்துக் காப்பாற்றுவது என்று தெரியாமல் கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு வந்தவர்போல. கரையோரத் தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு.

"மோளே, என் அடுக்களையில முட்டுக்கால் அளவு வெள்ளம். கேஸ் குற்றி மெதக்குது. பறவைக்கு ஆகாசம் உண்டு. நான் எங்க போவேன்?"

"முட்டைக்கு ஆகாசம் இல்லையே, சேச்சி."

வேகத்தில் வந்துவிட்டது. அவர் சட்டியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

"பொரிக்க எத்தன நாளு?"

"மூணு நாலு நாள்."

"அதுவரைக்கும் நான் கட்டில்மேல நிக்கட்டா?"

வெட்டாதீர்கள் என்று சொல்ல அதன்பிறகு எனக்கு வாய் வரவில்லை. வாய்க்காலைக் கொஞ்சம் வளைக்க முடியுமா என்று ஆபரேட்டரிடம் கேட்டேன். வளைக்கலாம், தண்ணீர் வளையாது, நேரேதான் தின்னும் என்றான். அப்படியானால் வளைய வேண்டியது கூடுதான்.

போனில் எங்கள் குழுவுக்கு ஒரு படம் அனுப்பி, கூட்டை நகர்த்தலாமா என்று கேட்டேன். தொடாதே என்று ஒருவர். தொட்டால் பறவை திரும்பாது என்று ஒருவர். அனுமதிக்கு மனு எழுதும் முறையை ஒருவர் விளக்கமாக அனுப்பினார். ஒருவர் அழுகிற முகம் ஒன்றை மட்டும் போட்டார். குழுவில் முறைப்படி அனுமதி வாங்கிக் கூடுகளை ஆராய்கிற ஓர் அக்கா உண்டு. அவர்தான் எழுதாமல் நேரே கூப்பிட்டார். ஒரு முழத்துக்கு மேல் ஒரே தடவையில் நகர்த்தாதே. நகர்த்திவிட்டு விலகிப் போய்ப் படு. பறவை வந்து உட்கார்ந்த பிறகுதான் அடுத்த முழம். உட்காரவில்லையென்றால் பழைய இடத்திலேயே வை. சொல்ல வேண்டியவர்களுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன், நீ ஆரம்பி. சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

ஆபரேட்டர் கடலைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். கரையிலிருந்து யாரோ தூக்குவாளியில் டீ கொண்டுவந்திருந்தார்கள்.

"டீ குடிச்சு முடிக்குத வரைக்கும் வண்டிய எடுக்கல. அதுக்கு மேல மெம்பர்ட்ட நீங்களே பேசிக்கிடுங்க."

கூட்டத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் மண்டியிட்டேன். தெற்கே அடம்பு படர்ந்த மேடு; அந்தப் பக்கம்தான் போக வேண்டும். ஒரு முழம் தள்ளி உள்ளங்கையால் குழி கீறினேன். கிளிஞ்சல் துண்டுகளை அதேபோல அடுக்கினேன். முதல் முட்டையை எடுத்தேன். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் கூடுதலான சூடு, அவ்வளவுதான். கூர்முனை உள்ளே பார்க்க மூன்றையும் வைத்துவிட்டு, மேட்டில் போய்க் குப்புறப் படுத்தேன்.

பறவை ஓடி வந்தது, நின்றது, ஓடி வந்தது. நேராகப் பழைய குழிக்குப் போய், ஒன்றுமில்லாத குழியில் உட்கார்ந்துவிட்டது.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். வெற்றுக் குழியில் அது இறகைச் சிலுப்பி, வயிற்றை அசைத்துச் சரிசெய்துகொண்டது. எழுந்தது. குனிந்து பார்த்தது. இரண்டெட்டு நடந்தது, முட்டைக்கு எதிர்ப்பக்கமாக. திரும்பியது. அப்புறம் ஒன்றும் நடக்காததுபோலப் புதுக் குழிக்கு வந்து முட்டைமேல் அமர்ந்தது.

அடுத்த முழம். அடுத்தது. எத்தனை தடவை என்று எண்ணவில்லை. நான் எழுந்து போகும்போதெல்லாம் பறவை ஓடிவிடும்; ஒவ்வொரு தடவையும் திரும்ப முன்னைவிட நேரம் எடுத்துக்கொண்டது. திறந்து கிடக்கிற முட்டைக்கு மேலே காகங்கள் வந்தன. முதலில் ஒன்று, பிறகு நாலைந்து. எழுந்து விரட்டினால் பறவை வராது. விரட்டாவிட்டால் முட்டை இருக்காது. அந்தச் சேச்சி சட்டிக்குள் கையை விட்டு மீன் தலைகளை எடுத்து, காயலோரம் தூர வீசினார். காகங்கள் மொத்தமாக அங்கே போயின. சேச்சி என்னைப் பார்க்கவில்லை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு கை வீசினார்.

ஆபரேட்டர் பொக்லைனின் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். கிளாஸில் ஒன்றும் இல்லை என்பது நான் படுத்திருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. குடித்துக்கொண்டிருந்தான். மெம்பர் பக்கத்தில் வந்து கத்தினார். அலையின் நுரை சற்று முன் தொட்ட கோட்டைத் தாண்டி ஓர் ஆள் நீளத்துக்கு மேலே வந்து போனது. அதை எல்லோரும் பார்த்தார்கள். ஆபரேட்டர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

கூடு அப்போது அடம்பின் விளிம்புக்கு வந்திருந்தது. இன்னும் போயிருக்கலாம். எஞ்சின் உறுமியதும் பறவை பறந்தே போய்விட்டது. அவன் கம்புகளைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு, மிச்ச மணலை வெட்டித் தள்ளினான். தெற்குப் பக்கம் நிற்பவர்கள் இப்போதே இந்தப் பக்கம் வந்துவிட வேண்டும், திறந்தபிறகு வர முடியாது என்று கூவினார்கள். தெற்குப் பக்கம் நின்றது நான் ஒருத்திதான்.

போகலாம் என்று எழுந்தேன். முட்டையைப் பார்த்தேன். மறுபடி படுத்துவிட்டேன்.

அடுத்து நான் பார்த்தது, அப்பா வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, வாய்க்காலின் விளிம்பில் உட்கார்ந்து உள்ளே சறுக்குவதை. அடியில் ஊறி நின்ற தண்ணீரில் கால் புதைந்தது. ஒரு கால் வெளியே வந்தது, செருப்பு வரவில்லை. இந்தப் பக்கத்துச் சுவரில் ஏறப் பார்த்தார், மணல் சரிந்தது. நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன்.

"நீங்க ஏன் வந்தேள்?"

"உன்னை விட்டுட்டு ஆத்துக்குப் போனா உங்கம்மா என்னை உள்ள விடுவாளா?"

மூச்சு வாங்கியது. என் பக்கத்தில் வந்து குப்புறப் படுத்துக்கொண்டார்.

காயலோரத்து வரப்பை வாளி ஒரே அள்ளலில் எடுத்தது. எடுத்த வேகத்தில் பொக்லைன் வடக்கே பின்வாங்கியது. முதலில் நுரை கட்டிய ஒரு நாக்குத் தண்ணீர் வந்து வாய்க்காலில் தயங்கியது. இவ்வளவுதானா என்றுகூடத் தோன்றியது. பிறகு சத்தம் வந்தது. மண் நிறத் தண்ணீர் தோளால் இடித்துக்கொண்டு இறங்கியது. இரண்டு பக்கச் சுவர்களும் பாளம் பாளமாகப் பிய்ந்து விழுந்தன. கூட்டின் பழைய இடம் எப்போது போனது என்று தெரியவில்லை. பார்த்தபோது அங்கே தண்ணீர் ஓடியது. நான் முதலில் நகர்த்திய இடம் போனது. அடுத்த இடம் போனது. பறவையைக் காணோம்.

"இன்னொருக்கா மாத்தி வெச்சா என்னடி?"

அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். பறவை உட்காராமல் நகர்த்தக் கூடாது. நகர்த்தப் போனால் வருகிற பறவையும் வராது. நகர்த்தாவிட்டால் கரை தின்றுகொண்டு வருகிறது. கூட்டுக்கும் விளிம்புக்கும் நடுவே மணலில் ஒரு மயிரிழை ஓடியது. விரிசல். நான் முழங்கையை ஊன்றி எழுந்தேன். அப்பா என் தோளைப் பிடித்து அமுக்கினார்.

பறவை வந்திருந்தது. எங்களுக்குப் பின்னாலிருந்து, கொடிகளுக்கு நடுவே ஓடி வந்து, எங்கள் தலைக்கு அருகிலேயே நின்றது. அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை. ஓடிப்போய் முட்டைமேல் உட்கார்ந்தது. உட்கார்ந்த கணத்தில் விரிசலுக்கு அந்தப் பக்கம் இருந்த பாளம் ஓசையில்லாமல் கீழே போனது. பறவை எழவில்லை. கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது, அவ்வளவுதான். அப்பாவின் கை என் தோள்மேலேயே இருந்தது. பிடி இறுகி வலித்தது.

அடுத்த பாளம் எப்போது என்று பார்த்துக்கொண்டே கிடந்தோம். இன்னொன்று விழுந்தது, சின்னது. மழை தூறி நின்றது. காயல் இறங்க இறங்க ஓட்டத்தின் சத்தம் குறைந்தது. கடல் திரும்பி அலைகள் வாய்க்காலுக்குள் ஏறியபோது சுவர்கள் விழுவது நின்றுபோனது. விளிம்புக்கும் கூட்டுக்கும் இடையே அப்பா காலை நீட்டிப் படுத்தால் கொள்ளும் அளவு மணல் மிச்சமிருந்தது.

எழுந்து நின்றபோது வடக்குக் கரையில் பாதிப்பேர் போயிருந்தார்கள். அந்தச் சேச்சி மட்டும் தண்ணீரோரம் வந்து எங்களைப் பார்த்து ஏதோ கூவினார். அலையின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. கையை முழங்காலில் வைத்து, பிறகு கணுக்காலில் வைத்துக் காட்டினார். அவர் வீட்டில் தண்ணீர் இறங்கியதைச் சொல்கிறார். பிறகு எங்கள் பக்கம் கையை நீட்டி, என்னாச்சு என்பதுபோல விரித்தார். நான் எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள் அப்பா, நனைந்த வேட்டியும் ஒற்றைச் செருப்புமாக, மணலில் குந்தி உட்கார்ந்து, இரண்டு முழங்கையையும் இறக்கைபோல விரித்து மடக்கிக் காட்டினார். சேச்சி சட்டியைத் தூக்கி ஆட்டிவிட்டுப் போனார்.

தெற்கே நடந்து, தோணி பிடித்து, ஊர் சுற்றி வீடு வந்தோம். அம்மா சொன்னதையெல்லாம் எழுத முடியாது. குழுவில் என்னை நீக்க வேண்டும் என்று மூன்று பேர், கூடாது என்று சிலர். அந்த விவாதம் வாரம் முழுக்க நடந்தது. நான் பதில் எழுதவில்லை. மழை இருந்ததால் நடுவில் போகவும் முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிடாமலே அப்பா புதுச் செருப்பு மாட்டிக்கொண்டு வந்தார். தோணியில் தெற்குப் பக்கம் இறங்கினோம். கூடு காலி. ஓடு ஒரு துணுக்குகூட இல்லை. பொரித்தால் தாய் ஓட்டைத் தூக்கிக் கொண்டுபோய்ப் போட்டுவிடும். காகம் எடுத்தாலும் ஓடு மிஞ்சாது. காலிக் குழியை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. அப்பா குழியையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

விலகிப் போய் உட்கார்ந்தோம். நெடுநேரம் கழித்து எங்கிருந்தோ பறவையின் குரல் மட்டும் வந்தது, மெல்ல, விட்டு விட்டு. விளிம்போரம் மணலில் ஒரு துண்டு எழுந்து ஓடியது. இரண்டு குச்சிக் கால்களில் ஒரு பஞ்சுருண்டை. ஓடி நின்றது. நின்றதும் மறைந்துபோனது.

"அப்பா, அதோ."

"எங்கேடி?"

"அந்த அடம்பு இலைக்கு இந்தாண்டே."

"இலைதான் இருக்கு."

பைனாகுலரை அவர் கையில் கொடுத்தேன். தலைகீழாகப் பிடித்தார், திருப்பிக் கொடுத்தேன். இன்னும் தெரியவில்லை என்றார். ஒன்றுதானா, மற்ற இரண்டும் எங்கே என்று கேட்டார். தெரியாது என்றேன். மேலே ஒரு செம்பருந்து வட்டமடித்துக்கொண்டிருந்தது. அப்பா பார்ப்பதற்காகக் குஞ்சு இன்னொரு தடவை ஓட வேண்டும் என்று இருந்தது. பருந்து போகிறவரைக்கும் ஓடக் கூடாது என்றும் இருந்தது.